பதினோரு பெண்களின் எடை

எங்கள் தெரு நோரா அக்காவுக்கு 1948-இல் ஒரு விமானக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ராயப்பேட்டையில் இருந்த பாலாறு ஏர்வேஸ் ஆபீசில், விமானத்தில் பாரம் மிஞ்சாமலிருக்க, மறைப்புத் திரைக்குப் பின்னால் பெண் பயணிகளை எடை போட வேண்டும். ஆண்களுக்கு முன்னால் தராசில் ஏறப் பெண்கள் மறுத்ததால்தான் அவரை வைத்தார்கள். அவருடைய அப்பா நோயில் படுக்கையில் இருந்தார். வீட்டில் சம்பாதிப்பது நோரா அக்கா ஒருவர்தான்.

ஆபீசுக்கு எதிரே, தெருவின் மறுபக்கம் இன்னொரு கம்பெனி. பாலாறு போலவே அவர்களும் பெங்களூருக்கு விமானம் விட்டார்கள். இரண்டு கம்பெனிக்கும் தற்காலிக லைசென்ஸ்தான். மாதக் கடைசியில் லைசென்ஸ் தரும் அரசாங்க போர்டு இரண்டில் ஒரு கம்பெனியைத்தான் வைத்துக்கொள்ளும் என்று பேச்சு. யாருக்குப் பயணிகள் அதிகமோ அவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று மானேஜர் நல்லசிவம் நம்பினார். எதிர் ஆபீஸ் வாசலில் ஒரு பலகை தொங்கியது: "எங்களிடம் பெண்களை எடை போடுவதில்லை." அவர்கள் பெண் ஒருவருக்கு நூற்றுப்பத்து ராத்தல், அதாவது பவுண்டு, என்று குத்துமதிப்பாக எழுதிவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தியாகராய நகர் ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று பெங்களூரில் நடக்கும் கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்தது. மூன்று ஆண்கள், பதினோரு பெண்கள். நல்லசிவம் வாசலுக்கே போய்க் கும்பிட்டார்.

வீட்டுத் தலைவி சுந்தரவல்லி தராசைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னைய என்ன, வெங்காய மூட்டைன்னு நெனச்சியளா?"

நோரா அக்கா தானே முதலில் ஏறி நின்றார். "தொண்ணூத்தாறு ராத்தல். பாருங்கம்மா, எனக்கே வெக்கமாத்தான் இருக்கு."

"நீ சாப்பிடுதியா, இல்ல ஜெபம் மட்டும்தானா?" என்றார் சுந்தரவல்லி, நோரா அக்காவின் கழுத்துச் சிலுவையைப் பார்த்து. பெண்கள் சிரித்துவிட்டு ஒவ்வொருவராக ஏறினார்கள். முள் எகிறியது. ஒல்லியான பெண்கூட நூற்று இருபது. ஏறும்போதெல்லாம் உள்ளே ஏதோ கிணுகிணுத்தது. பெட்டிக்கு நாற்பது ராத்தல்தான் வரம்பு என்பதால், சீர்வரிசை வெள்ளித் தட்டுகளையும் டம்ளர்களையும் துணியில் சுற்றிப் புடவைக்குள் இடுப்பில் கட்டியிருந்தார்கள்.

நோரா அக்கா கூட்டிப் பார்த்தார். பதினோரு பேரிலும் சேர்த்து, தலைக்கு நூற்றுப்பத்து என்ற குத்துமதிப்பைவிட முந்நூற்று முப்பது ராத்தல் அதிகம். மூன்று ஆள் கூடுதலாக ஏறுவது போல.

"வெள்ளியை ரயில்ல அனுப்பிடுங்கம்மா. இல்லேன்னா ரெண்டு மூணு பேர் நாளைக்கு வாங்க."

"சீரை ரயில்ல போடவா? முகூர்த்தம் நாளைக்குக் காலையில!"

நல்லசிவம் திரைக்கு வெளியிலிருந்து பல்லைக் கடித்தார். "நோரா, நூத்திப்பத்துன்னு எழுதும்மா. பதினாலு டிக்கெட்!"

"முடியாது சார். பைலட் இந்தக் காகிதத்தை நம்பித்தானே பிளேனைக் கிளப்புறார்."

சுந்தரவல்லி திரையை விலக்கினார். "வாங்கட்டி, எதிர்த்தாப்ல கூப்பிடுதான்." பதினான்கு பேரும் தெருவைக் கடந்தார்கள். நல்லசிவம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எதிர் கம்பெனியின் பஸ் மீனம்பாக்கத்துக்குக் கிளம்ப உறுமியது. நோரா அக்கா எடைக் காகிதத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடினார். மானேஜர் பார்க்கிறார் என்று தெரிந்தேதான் ஓடினார்.

எதிர் ஆபீஸ் குமாஸ்தா அக்பர் பாஷா சிரித்தார். "இன்னாம்மா, உளவு பாக்க வந்துகீறியா?"

"படிங்க, பாஷா. இது பதினோரு பேரோட நெஜ எடை. எல்லார் இடுப்புலயும் வெள்ளி இருக்கு."

பாஷா படித்தார். சிரிப்பு நின்றது. பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த பெண்களை ஒருமுறை பார்த்தார். பிறகு டெலிபோனை எடுத்து, விமான நிலையத்தில் இருந்தவர்களிடம் நான்கு சரக்கு மூட்டைகளை இறக்கச் சொன்னார்.

மத்தியானம் ஒரு மணி வரை நோரா அக்கா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விமானம் பெங்களூரில் பத்திரமாக இறங்கிவிட்டது என்று பாஷா தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். நல்லசிவமும் அதைக் கேட்டார்.

"நம்ம எடைக் காகிதத்தைக் கொண்டுபோய் அவன் பிளேனைக் காப்பாத்திட்டே. லைசென்ஸ் யாருக்குப் போவும் இப்போ?"

"அவங்களுக்குத்தான் சார்."

"நாளைலேர்ந்து வராதே."

மாதக் கடைசியில் லைசென்ஸ் எதிர் கம்பெனிக்கே போனது. பாஷா தன் முதலாளியிடம் நோரா அக்காவுக்காக வேலை கேட்டார். எடை போடும் பெண் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தால் கூட்டம் வராது என்று முதலாளி மறுத்துவிட்டார். அந்தப் பலகை அதன் பிறகும் வாசலில் தொங்கியது. நோரா அக்கா வேலை தேடிக்கொண்டிருந்தார்.