சட்டைப் பையில் ஒரு விசை

கற்பிட்டித் தபாலகத்தில் என் முன்னால் வந்து நின்ற அந்தப் பெரியவர், வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தொப்பி, நிறம் போன சாரம். கடைசியில் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தார். பழைய வேட்டைத் துவக்கு ஒன்றின் சுடும் விசை, எண்ணெய் பூசிப் பளபளத்தது.

“ஆலங்குடாவுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர்கிட்ட இதே மாதிரித் துவக்கு இருக்காம். விசை மட்டும் இல்லையாம். அவர்ட நாட்டுக்கு அனுப்பணும், தம்பி.”

“துவக்கு எங்க, நானா?”

“அது வாப்பாட. தொண்ணூறுல இயக்கம் முஸ்லிம் ஆக்கள மன்னார விட்டுப் போகச் சொன்ன நேரம் அவங்கள்ட்டக் குடுத்துட்டு வந்தம். நாலஞ்சு நாள்ல திரும்பி வந்து பூட்டலாம் எண்டு விசைய மட்டும் கழட்டி வச்சிக்கிட்டன்.”

அப்போது அவருக்கு இருபது வயதிருக்கும். இப்போது தாடி முழுக்க நரைத்திருந்தது.

“இனி ஆரு போறது? பிள்ளைகளெல்லாம் இங்கயே வீடு கட்டிட்டாங்க” என்றார்.

துவக்கின் பாகம் எதையும் தபாலில் ஏற்க முடியாது என்றேன்.

“ஏலவே ஏலாதா?”

“ஏலாது, நானா.”

விசையை மெதுவாகக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“அப்ப இது என்கிட்டயே இருக்கட்டும். பெரிய உபகாரம், தம்பி.”

எத்தனையோ பேரின் பொதிகளைத் திருப்பியிருக்கிறேன். திருப்பியதற்காக நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தான்.