தறி நின்ற வெள்ளிக்கிழமைகள்

கோடை விடுமுறையில் என்னுடைய வாரம் வெள்ளிக்கிழமை மதியம்தான் தொடங்கும். அன்றைக்குத்தான் பத்திரிகை எங்கள் முறைக்கு வரும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே வாரப் பத்திரிகையை வாங்கின; எங்களிடம் வந்து சேர்வதற்குள் அட்டையில் யார் வீட்டுச் சாம்பாரோ ஏறியிருக்கும். ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரித்துப் படிப்பதிலும் ஒரு சுகம் இருந்தது. சனிக்கிழமை ஐஸ் வண்டி, ஞாயிற்றுக்கிழமை உப்பு தொட்ட வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாங்காய்க் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு அப்பா தறிக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துச் சாய்ந்துவிடுவார். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ராட்டை முன்னால் உட்கார்ந்து தறிக்கு வேண்டிய நூலைச் சுற்றுவாள். நான் நுங்கை நோண்டிக்கொண்டே தொடர்கதையை உரக்கப் படிப்பேன். அத்தை "அப்புறம்?" என்பாள், சிரிப்பாள், கதாநாயகியைத் திட்டுவாள். அப்போது ஓர் அதிசயம் நடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் தறி நின்றுவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்குத் தூரத்து உறவு. கல்யாணமாகாதவர், ஒரு வார்த்தை பேசுவதற்குள் பலமுறை தொண்டையைச் செருமுகிறவர். அப்பேர்ப்பட்டவர் வேலையை நிறுத்திவிட்டு நான் படிப்பதைக் கேட்கிறார் என்றால் தலைக்கனம் வராதா? எனக்கு நன்றாகவே வந்தது. "பாத்தியா அத்தை, நிறுத்திட்டாரு" என்பேன். அத்தை குனிந்த தலை நிமிராமல் ராட்டையைச் சுற்றுவாள்.

அந்தக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வந்தார்கள். அவர்களும் நெசவுக் குடும்பம்தான். அத்தைக்குத் துளியும் விருப்பமில்லை. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. வேண்டாமென்று அப்பாவிடம் சொல்லவும் தைரியமில்லை. "நல்ல எடம்மா. இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்னு இருக்கேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கும் அழுகை முட்டியது. அத்தை போய்விட்டால் நான் யாருக்குப் படிப்பேன்?

வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். அத்தை அடுப்படியில் இருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்து, "நல்லா படிப்பியாமா?" என்று கேட்டார். கேட்டது போதாதா.

"நான் படிச்சா பக்கத்து வீட்டுல தறியே நின்னுடும்" என்றேன்.

"எங்க, படி பாக்கலாம்."

படித்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. குரலை உயர்த்தினேன். கதாநாயகி அழும் இடத்தில் நானே அழுது காட்டினேன். ஊஹூம், தறி அதன்பாட்டுக்கு ஓடியது. மானம் போயிற்று.

அந்த நேரம் பார்த்து அத்தை தட்டோடு வந்து, "காபி எடுத்துக்குங்க" என்றாள்.

தறி நின்றது.

நெசவாளர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒரு தறி பாதியில் நின்றால் அது எல்லோருக்கும் கேட்கும். அப்பா சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை தட்டைப் பார்த்தாள். காபி குடித்து முடியும்வரை அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

புறப்படும்போது அந்த அம்மாள், "கோவிச்சுக்காதீங்கண்ணா. எங்கியோ தூரத்துல தேடிக்கினு இருக்கீங்க, கொஞ்சம் பக்கத்துலயும் விசாரிங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நாலு பேர் முன்னால் என்னைக் கவிழ்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் மேல்தான் கோபம். குறை என் வாசிப்பில்தான் என்று முடிவு கட்டி, அந்த வாரம் முழுக்கக் கிணற்றடியில் நின்று பழைய பத்திரிகைகளைக் கத்திக் கத்திப் படித்துப் பழகினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை படிக்க உட்கார்ந்தேன். அத்தை ஒரு கிண்ணம் நிறைய மாம்பழத் துண்டுகளை எனக்கு வைத்துவிட்டு, "அப்புறம்?" என்றாள். தறி நின்றது.

அப்பா அன்று தூங்கவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அத்தையின் ராட்டையும் நின்றுவிட்டது.

ஒரே வாரத்தில் என் வாசிப்பு இவ்வளவு தேறிவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைப் பற்றி அபிப்பிராயம் கேட்கத்தான் அப்பா போயிருக்கிறார் என்று நினைத்து, அவர்கள் இருவருக்கும் கேட்கும்படி அடுத்த பத்தியை இன்னும் உரக்கப் படிக்கத் தொடங்கினேன்.