மூடினால்தான் லோடு

மகளுக்கு மூன்றரை வயது. எல்கேஜிக்கு இடம் கேட்டிருந்த பள்ளியில் திங்கட்கிழமை நேர்காணல். குழந்தைக்கு வடிவங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தின் அடியில் அச்சடித்திருந்தார்கள். வீட்டில் விஷயம் தெரிந்தவன் நான்தான் என்று நானே நம்பிக்கொண்டிருந்ததால் பொறுப்பை ஏற்றேன். குழந்தை வளர்ப்பு பற்றி மூன்று புத்தகங்கள் வாசித்தேன். மகள்தான் அவற்றை வாசித்திருக்கவில்லை.

முக்கோணம் அச்சிட்ட அட்டையைக் காட்டியதும், "உப்பு" என்றாள்.

தினமும் உப்பளத்து வழியாக ஸ்கூட்டரில் போகிற பிள்ளை வேறென்ன சொல்லும்? கூராகக் குவிந்திருப்பதெல்லாம் அவளுக்கு உப்புதான். விடாமல் திருத்தினேன். வியாழக்கிழமை வாக்கில் அட்டையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மனைவிக்குத் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் வேலை. எந்தப் பெட்டியை எங்கே வைத்தால் கன்டெய்னரில் இடம் வீணாகாது என்று தீர்மானிப்பவள். அன்று மாலை வந்தவள் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, பிள்ளைய என்ன விசாரணையா பண்ணுதீய?"

காலி செருப்புப் பெட்டி ஒன்றைத் தரையில் வைத்தாள். தீப்பெட்டிகள், சோப்பு டப்பா, பவுடர் டின், முக்கோணமாக அறுத்த தெர்மோகோல் துண்டுகள்.

"ஏட்டி, கன்டெய்னர் வந்துட்டு. லோடு ஏத்தணும், வாரியா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து முதலில் தலை வந்தது.

மூன்று நாள் ஏற்றுமதி நடந்தது. "இந்த வட்டம் மோசம்மா, எடத்தத் திங்குது" என்று மகள் புகார் செய்தாள். "திங்கத்தான் செய்யும். அந்தச் சந்துல என்ன போடலாம், பாரு." மனைவி பேச்சோடு பேச்சாகப் பெயரைச் சொல்லிப் பொருளை நீட்டுவாள். தப்பு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தப்பென்றால் பெட்டியே சொல்லிவிடும், மூடாது. மூடிவிட்டால் கப்பல் கிளம்பும். கப்பல் நான். பெட்டியை முதுகில் வைத்து அடுப்படிவரை தவழ்ந்தேன். என் படிப்புக்கேற்ற வேலை.

திங்கட்கிழமை நேர்காணல் நடத்திய சிஸ்டர் வடிவக் கட்டைகள் நிறைந்த ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, சிவப்பு முக்கோணத்தை எடுத்துக் காட்டினார்.

"இது என்ன பாப்பா?"

'மு' என்று என் வாய் தானாகக் குவிந்தது. மனைவி என் காலை மிதித்தாள்.

மகள் முக்கோணத்தைக் கையில் வாங்கினாள். தேடி இன்னொன்றை எடுத்து, இரண்டையும் சேர்த்துச் சதுரமாக்கிப் பெட்டியின் மூலையில் இறக்கினாள். அடுத்து செவ்வகங்கள். வட்டங்களைக் கடைசிவரை ஒதுக்கியே வைத்திருந்தாள். சிஸ்டர் பேனாவை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"சிஸ்டர், இப்ப மூடுங்க."

மூடியது.

"நல்லது. அந்தச் சிவப்புக்குப் பேரு சொல்லலையே?"

"முக்கோணம்" என்றாள், இவ்வளவு பெரியவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கத்தோடு.

"சேத்துக்கிடலாம்" என்றார் சிஸ்டர், என் மனைவியிடம். "வீட்டுல யாரு சொல்லிக் குடுக்கா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல சிஸ்டர். சும்மா வெளையாடுதோம்."

அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறாள். அதற்குள் மகள் பெட்டியை மறுபடி கவிழ்த்துவிட்டிருந்தாள்.