கூமாப்பட்டி அத்தையைக் கொன்றவர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் கிளார்க். என் நண்பன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். மாதாமாதம் வரும் ஒரு துப்பறியும் நாவல் வரிசை மீது இருவருக்கும் பைத்தியம். அந்த நாவல்களுக்காகவே இன்டர்நெட்டில் ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினோம். ஞாயிறுதோறும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டுவோம். 'தோள்பட்டை: உதவியாளர் குண்டு வாங்கும் இடம். இதுவரை ஒன்பது முறை. எப்போதும் இடதுதான்.' 'கறுப்பு கார்: கொலைகாரர்களுக்கு மட்டுமே விற்கப்படுவது.' படிப்பதற்கு முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். அதனால் எங்களைத் தவிர வேறு யாரும் படிக்கவில்லை என்றே நினைத்திருந்தோம்.

துப்பறிவாளருக்குச் சொந்தபந்தமே இல்லாதது நண்பனை உறுத்தியது. ஒருநாள் களஞ்சியத்தில் நாங்களாகவே அவருக்கு ஓர் அத்தையைச் சேர்த்துவிட்டோம். கூமாப்பட்டியில் தென்னந்தோப்பு, சர்க்கரை வியாதி, யாரையும் நம்பாத சுபாவம்.

இரண்டு மாதம் கழித்து நண்பன் புத்தகத்தோடு மில் வாசலுக்கே வந்து நின்றான். முதல் அத்தியாயத்திலேயே, கூமாப்பட்டித் தோப்பில், கழுத்தில் கயிற்றோடு கிடந்தாள் அத்தை.

"ஏலே, நம்ம அத்தைய கொன்னுட்டாகளே" என்றான். காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லை. சொன்னால் வெட்கக்கேடு, எனக்கும் மத்தியானச் சோறு இறங்கவில்லை.

புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த முகவரிக்கு மெயில் அனுப்பினோம். அத்தை எங்களுடையவள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மரியாதையாகத்தான் எழுதினோம். நான்காம் நாள் எழுத்தாளரே பதில் போட்டிருந்தார். மாதம் ஒரு நாவல் எழுதுவதால் யார் உயிரோடிருக்கிறார்கள் என்பது தனக்கே மறந்துவிடுகிறதாம். எங்கள் களஞ்சியத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறாராம். அத்தையையும் தானே எப்போதோ எழுதியதாக நம்பிவிட்டாராம். ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டு, அத்தைக்குத் தம்பி யாரும் உண்டா என்று கேட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு முழுக்க யோசித்து வத்திராயிருப்பில் ஒரு சித்தப்பாவை உண்டாக்கினோம். அரிசி மில் கொடுத்தோம். சாகடிக்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டோம். ஒப்புக்கொண்டார்.

சொன்ன சொல் காப்பாற்றினார். அடுத்த நாவலில் அத்தையைக் கொன்றதே சித்தப்பாதான் என்று தெரியவந்து, அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இன்னொரு மெயிலுக்கு நான் தயாரானேன். நண்பன் தடுத்துவிட்டான்.

"சித்தப்பா உள்ளயே இருக்கட்டும்லே. அங்கன அவியள யாரும் கொல்ல முடியாது."