சாலமன் பெயர் சிவந்தபோது

இது நடந்ததுதான். காலடிப்பேட்டையில் அந்தக் கேபிள் சேனல் இன்றும் ஓடுகிறது. ஜூடி இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். நேரலை என்றால் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மாட்டாள். ஏன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நேரலையில் பேசுகிறவரின் பெயர்ப்பட்டையைத் திரையின் அடியில் போடுவதும் எடுப்பதும்தான் அவள் வேலை. கம்ப்யூட்டரில் பட்டைகள் எல்லாம் வரிசையாக நிற்கும். எந்தப் பட்டை வீட்டு டிவியில் போய்க்கொண்டிருக்கிறதோ, அதன் பக்கத்தில் சிவப்புப் புள்ளி எரியும். எடுத்துவிட்டால் சாம்பல் நிறம். ஆறு வருடத்தில் அந்தப் புள்ளி ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

போன கார்த்திகைப் புயலுக்கு மறுநாள். கடலில் மாட்டிக்கொண்ட படகுகள் ஒவ்வொன்றாகக் காசிமேட்டுக்குத் திரும்பின. சேனல் அதை நேரலையாகக் காட்டியது. வந்தவர்கள் பேசப் பேச, ‘கரை திரும்பினார்’ என்று ஜூடி பட்டை போட்டாள். அவளுடைய அண்ணன் சாலமன் போன படகு மட்டும் வரவில்லை. ராயபுரத்து வீட்டில் அம்மா ஃப்ளோரன்ஸ் டிவியை விட்டு நகரவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். கடலுக்குப் போனவன் கால் மண்ணில் படும் முன்னால், ‘வந்துட்டான்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜூடிக்கும் தெரியும். ஆனால் காலையில் பட்டைகளைத் தயார் செய்தபோது மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒன்று செய்து வைத்தாள். ‘சாலமன், கரை திரும்பினார்.’ அண்ணன் வந்ததும் தன் கையால் போட வேண்டும் என்று ஆசை.

மணி நாலு பத்து. கேமரா வெறும் கடலைக் காட்டிக்கொண்டிருந்தது.

டிக்...

சாலமன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு. அவள் மவுஸைத் தொடவே இல்லை.

நிமிர்ந்து, ஒளிபரப்பைக் காட்டும் மானிட்டரைப் பார்த்தாள். அதில் பட்டை இல்லை. கடல்தான். எடுத்தாள். சாம்பல்.

டிக்... மறுபடி சிவப்பு.

கேமரா முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று துறைமுகத்தில் இருந்த செய்தியாளன் தீபனைக் கேட்டாள். “யாரும் இல்லக்கா. அலைதான் கீது,” என்றான்.

போன் அடித்தது. அம்மாவோடு டிவி பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஃபாத்திமா.

“ஜூடி, உங்கண்ணன் பேரு டிவில கீது. ஆளக் காணோம், வெறும் தண்ணி. ஆனா உங்கம்மா, அவன் பேசறான் பேசறான்னு சொல்லிகினே கீறாங்க.”

அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள்.

“இன்னா பேசறானாம்?”

“எண்ணூர் புகைபோக்கி ரெண்டும் ஒண்ணாத் தெரியுதாம்...”

ஜூடிக்குப் புரிந்துவிட்டது. கடலில் இருப்பவர்கள் இடம் சொல்வது அப்படித்தான். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்கள் சேர்ந்து ஒரு கோடு. வேறு பக்கம் பார்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் ஆள். அண்ணன் ஒன்றைச் சொல்லிவிட்டான். இன்னொன்று வேண்டும்.

நேரலையின் பொறுப்பாளர் மனோகரன் பின்னால் வந்து நின்றார். வீடுகளிலிருந்து போன் மேல் போன்.

“வராத ஆள வந்துட்டான்னு போட்டுகீறியே. கரையில நிக்கிற ஜனம் நம்மள உரிச்சிடும். எடும்மா.”

“சார், ஒரு நிமிசம்...”

“எடு. இல்லன்னா மொத்தத்தையும் நிறுத்திடுவேன்.” அவர் கை மெயின் ஸ்விட்சுக்குப் போனது.

போனில் ஃபாத்திமா. “உங்கம்மா எடுக்காதன்றாங்க ஜூடி. அவன் இன்னும் முடிக்கலயாம்...”

ஜூடி அழுத்தினாள்.

சாம்பல்.

போனுக்குள் அம்மாவின் அலறல்.

அதற்குப் பிறகு அது சிவக்கவே இல்லை.

அந்த ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு படகுகள் தேடப் போயின. மறுநாள் காலை, சாலமன் படகில் போனவர்களில் ஒருவன் மட்டும் கிடைத்தான். டில்லிபாபு. டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தான். அந்த இடத்திலிருந்து பார்த்தால், எண்ணூர் புகைபோக்கி இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தனவாம்.

சாலமன் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஜூடி போய் டில்லிபாபுவைப் பார்த்தாள். சாலமனின் தங்கை என்று மட்டும் சொன்னாள். அந்தப் படகில் டில்லிபாபு ஏறியது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டே பேசினான்.

“ஒரே கேனப் புடிச்சிகினு ரெண்டு பேரும் கெடந்தோம்கா. பொழுது சாயுற நேரம். எதுக்க யாரோ நிக்கிற மாரி பேசினான். புகைபோக்கி அது இதுன்னு. பயத்துல உளறுறான்னு நெனச்சேன். மாதா கோயில் கோபுரம்னு ஆரம்பிச்சான்... சட்டுனு நிறுத்திட்டான். ‘ஜூடி, இரு, இன்னொண்ணு கீது’ன்னான். கேன வுட்டுட்டான்.”

பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

“ஜூடின்றது யாருக்கா?”