தண்ணீர் வரும் நாளில் கும்மி

எங்கள் காலனிப் பெண்களின் கும்மிக் குழுவுக்கு நான்தான் தலைவி. எனக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அரசு நிதிக்காக மூன்று வருஷம் அலைந்து கால் ஓய்ந்த பிறகு, ஆட்டத்தைப் பார்க்க அதிகாரியம்மா வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தேதி எங்களுக்குத் தண்ணீர் வரும் நாள். வேறு நாள் கேட்டால் கெஞ்சுவது போலிருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அவர் வந்தபோது குழுவின் பன்னிரண்டு பேரும் குழாயடி வரிசையில் நின்றார்கள். கூப்பிட்டேன்.

"கும்மியிலயா சோறு வேகும்?" என்றாள் வரிசையில் நின்ற செல்வி.

"எல்லிம்மா, எங்க உங்க டீம்?" என்று கன்னடம் கலந்து கேட்டு அதிகாரியம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

அவருடைய ஜீப் டிரைவர், கௌதள்ளி ஊர்க்காரர், இறங்கி வந்து பேண்ட்டை மடித்தார். "நீங்க போய் ஆடுங்கக்கா. கொடத்தையெல்லாம் நான் நெரப்பறேன்."

"என்னுது பச்சைக் கொடம்ண்ணா, மாத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செல்வி வந்தாள்.

ஈரச் சேலையோடு ஆடினார்கள். நிதி வந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் குடத்தைத் தூக்கினார். எனக்கோ வேறு நாள் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை.

இந்த வருஷமும் தேதி சொன்னார்கள். "அன்னைக்குத் தண்ணி வரும், வேற நாள் குடுங்க" என்றேன்.

"சரி" என்றார்கள். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை காலம் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றேன் என்று அலுப்பாக இருந்தது.