ஊரிகம் லைனைக் குலுக்கிய டிரம்ஸ்

முதல் அரை நிமிஷம் வெறும் இரைச்சல். தூரத்தில் மழை பெய்கிற மாதிரி... பிறகு யாரோ இருமுவார். எங்கோ ஒரு பாட்டில் உருளும். அப்புறம்தான் அந்தக் கிடார், அவசரமே இல்லாமல், சோம்பல் முறித்துக்கொண்டு வரும்.

ஒரு ப்ளூஸ் ராக் பேண்ட் ஆல்பமாக வெளியிடாத கச்சேரி அது. கூட்டத்தில் எவனோ கோட்டுக்குள் ரெக்கார்டரை ஒளித்து வைத்துப் பதிந்தது. காப்பிக்குக் காப்பி எடுத்து, எந்தெந்த ஊரோ சுற்றி, தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ராபர்ட்சன்பேட்டையில் என் கிளாஸ்மேட் ஸ்டான்லி கைக்கு வந்தது. எங்களுக்கு அது தங்கத்தைவிடப் பெரிசு. தங்கம்தான் காலுக்குக் கீழேயே கிடந்ததே!

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டான்லி, சர்ச் பாடகர் குழுவின் பெரிய ஸ்பீக்கரை சைக்கிள் கேரியரில் கட்டி ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"பாஸ்டருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாருடா, சீக்கிரம் போடு!"

அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட், சுரங்கத்துக்குள் இருந்தார். அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

கிடார் இழுத்து இழுத்து ஓய்ந்த இடத்தில் டிரம்ஸ் இறங்கியது பாருங்கள்... தரை அதிர்ந்தது. தகரக் கூரை படபடத்தது. அலமாரியில் எவர்சில்வர் தட்டெல்லாம் கணகணவென்று நடுங்கின. நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தோம்.

கண்ணைத் திறந்தால் அம்மாவைக் காணோம். வாசல் வரைக்கும் சோப்பு நுரை சொட்டியிருந்தது.

பூமிக்கடியில் பாறை வெடித்தால் எங்கள் வீடுகள் இப்படித்தான் ஆடும். ராக் பர்ஸ்ட். உடனே லைனே சுரங்க வாயிலான ஷாஃப்ட் பக்கம் ஓடும், ஆளை ஏற்றி இறக்கும் கேஜில் யார் மேலே வருகிறார்கள் என்று பார்க்க. பாட்டு ஓடுவது அம்மாவுக்குத் தெரியும்தான். ஆனால் பாத்திரம் ஆடிவிட்டதே! இது என் மரமண்டைக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். ஷாஃப்ட் கேட்டில் ஈரப் புடவையோடு அம்மா. அவள் ஓடுவதைப் பார்த்து ஓடிவந்த பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"ஒன்னியும் இல்லம்மா... பாட்டுதான்" என்றேன்.

பளாரென்று ஒரு அறை விட்டாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஆனாலும் வீட்டுக்கு வரவில்லை. ஷிப்ட் முடிந்து அப்பா வெளியே வரும்வரை கேட்டைவிட்டு நகரவே இல்லை.

"இன்னாமே, பாட்டுக்கா ஓடியாந்த?" அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்க கீழ இருக்கசொல்ல எது ஆடுனாலும் ஓடியாருவேன்."

சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஷிப்டும் இல்லை, சங்கும் இல்லை. நான் தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய் வருகிறேன். அப்பா போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டில் ஒரு தட்டுகூட ஆடவில்லை.

போன வாரம் அந்தக் கச்சேரியை யாரோ நெட்டில் ஏற்றியிருந்தார்கள் ஃப்ரெண்ட்ஸ். அதே இருமல், அதே பாட்டில்... ஹெட்போனில் தனியாகக் கேட்க மனசு வரவில்லை. மகனுடைய ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டேன். டிரம்ஸ் இறங்கியதும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு அன்றைக்கு வாங்கிய அறை ஞாபகம் வந்து, அவசரமாகச் சத்தத்தைக் குறைக்கப் போனேன்.

"கொறைக்காதடா. சத்தமா வை" என்றாள். "அன்னிக்கி இதுக்குத்தான ஓடுனேன்... உங்கப்பா நல்லபடியா மேல வந்துட்டாரு இல்ல."